ஷமீலா அக்காவின் இடப்பக்கம்

பின்னேர அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில் ஷமீலா அக்காவின் தம்பி முன்ஸிரின் அழைப்பு வந்தது. "ராத்தா மவுத்தாகிட்டா" என்றான். அக்காவின் சாவு எனக்கு அப்படித்தான் தெரிந்தது. காய்ச்சலோடு ஆசுபத்திரிக்குப் போனவா, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவா என்றுதான் நாங்கள் இருந்தோம்.

வவுனியாவில், பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், வன்னி ஊர்களில் வீடு கட்டுகிறவர்களுக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. யோகநாதன் சேர்தான் முதலாளி. நானும் ஷமீலா அக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கணினிகளில் கீறுவோம். அக்கா முல்லைத்தீவில் பிறந்து, இடம்பெயர்ந்து புத்தளத்தில் படித்து, சமாதான காலத்தில் வவுனியாவுக்கு வந்தவா.

2005 இல் அவாவுடைய வலக்கண் பார்வை மங்கியது. வரைபட மென்பொருளின் கருவிப் பட்டிகள் திரையின் வலது ஓரத்தில் இருந்தன. ஒவ்வொரு கோட்டுக்கும் கழுத்தைத் திருப்பித் தேட வேண்டியிருந்தது. படங்கள் பிந்தின. சேர் என்னைக் கைகாட்டி, கூச்சத்தோடுதான் அக்காவிடம் சொன்னார்:

"பிள்ளை, நீங்கள் முன்மேசையில இருந்து வாற ஆக்களோட கதையுங்கோ. கீறுறதை வினோஜா பார்க்கட்டும்."

"கதைக்கிறதுக்கோ சேர் நான் டிப்ளோமா எடுத்தனான்? வெள்ளி வரைக்கும் விடுங்கோ."

எல்லாப் பட்டிகளையும் இழுத்து இடப்பக்கம் சேர்த்தா. பாவிக்காதவற்றை மூடினா. கறுப்புத் திரையில் கோடுகளை மஞ்சளாக்கினா. மென்பொருளோடு வந்த ஆயத்தப் படங்களில் குளியல் தொட்டியைக் கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது.

"மல்லாவியில ஆரடி தொட்டிக்குள்ள படுத்துக் குளிக்கினம்?"

தொட்டி போன இடத்துக்கு அக்கா கீறிய கிணறு வந்தது. பிறகு சமைக்கத் தனிக் குசினி, வெளிக் கக்கூசு. ஒரு தட்டுத் தட்டினால் படத்தில் போய் இருக்கும். அந்த ஒழுங்கைத் தன் பெயரில் சேமித்தா.

வெள்ளிக்கிழமை இருவருக்கும் ஒரே அளவு வேலை தந்தார் சேர். நான் இன்னும் சுவர்களைக் கீறிக்கொண்டு நிற்கும்போது அக்கா முழுப் படத்தையும் அச்சுக்கு அனுப்பிவிட்டா. சேர் ஒரு கோட்டைத் திருத்த அவாவுடைய கதிரையில் குந்தி, பட்டிகளைத் தேடித் தடுமாறினார்.

"அழிக்கிறது எங்க பிள்ளை? கடையைத் தூக்கி மற்றத் தெருவில வச்சிருக்கிறியள்!"

"யாவாரம் நடக்குதுதானே சேர்."

முன்மேசைக் கதையை அவர் பிறகு எடுக்கவில்லை. எனக்குக் கண் இரண்டும் நல்லாயிருந்தும், அக்காவின் ஒழுங்கையே என் கணினிக்கும் மாற்றிக்கொண்டேன்.

கடைசியாக, அக்காவுக்குக் காய்ச்சல் தொடங்கிய அன்று, உருத்திரபுரத்திலிருந்து கமலாசனி அன்ரி வந்தா. தன் வீட்டுப் படத்தை அப்படியும் இப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவு. என்ர மாடுகள் எங்க நிக்கும்?" என்று கேட்டா.

"அடுத்தமுறை வரேக்க நிக்கும் அன்ரி" என்றா அக்கா. அன்ரி போனதும் மாட்டுக்கொட்டில் கீறத் தொடங்கினா. பின்னேரம் மேல் காயுது என்று சொல்லி வீட்டுக்குப் போனா.

இன்று அக்காவின் கணினியைத் திறந்தேன். பட்டிகள் இடப்பக்கம் நிற்கின்றன. கிணறு, குசினி, கக்கூசு. அவற்றுக்குக் கீழே மாட்டுக்கொட்டில். நாலு தூணில் மூன்று கீறியிருக்கிறா.