கிளறிற்றா அக்காவின் குசினிக் கேள்விகள்

தேநீர் குடித்த கோப்பையைத் தானே கழுவிவைக்காமல் கிளறிற்றா அக்கா எந்த வீட்டிலிருந்தும் கிளம்பமாட்டார். "இருங்கோ, நான் கழுவுறன்" என்று வீட்டுக்காரியையும் தள்ளிக்கொண்டு குசினிக்குள் நுழைந்துவிடுவார். நல்ல பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவருடைய தொழில்.

நீரிழிவு மனத்தை எவ்வளவு வருத்துகிறது என்று அறியும் ஆங்கிலக் கேள்விக்கொத்து ஒன்றை லண்டன் தமிழருக்கு ஏற்றபடி மாற்றும் வேலை எங்கள் இருவருக்கும். நான் தமிழில் எழுதுவேன். அக்கா வீடுவீடாகப் போய்க் கேட்டுப் பார்ப்பார். முன்னறையில் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "ஒரு பிரச்சினையும் இல்லை." வந்தவர்களிடம் நம் சனம் வேறென்ன சொல்லும்? அதே கேள்வியைக் குசினியில், குழாயைத் திறந்துவிட்டபடி, அக்கா மறுபடி கேட்பார். அங்கேதான் அழுகை வரும். "முன்னறை மறுமொழியை வெட்டு பிள்ளை" என்பார் என்னிடம்.

சென்ற வியாழன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் நீரிழிவுப் பட்டியலில் இருந்த நகுலேஸ்வரி வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தவர் முகம் வெளிறிக் கிசுகிசுத்தார்: "மகளைக் கலியாணம் பேசி, மாப்பிள்ளையின்ர தாய் பாரிசிலயிருந்து வந்து நிக்கிறா. நீங்கள் துர்க்கை அம்மன் கோயில் ஆக்கள் எண்டு சொல்லுங்கோ." ஞாயிறு பூசை தவறாத கிளறிற்றா அக்கா, கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, "ஓம், கோயில்தான்" என்றாரே பார்க்கலாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தச் சிரிப்பெல்லாம் குசினி வரைதான். நகுலேஸ்வரி மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தார். முடிந்ததும் இன்னொரு கோப்பை. அக்கா அவரையே பார்த்தார். "இன்சுலின் போடுறீரோ?"

"ஞாயிற்றுக்கிழமையிலயிருந்து இல்லை அக்கா. சம்பந்தி ஃப்ரிட்ஜைத் திறந்து பாக்கிறவ. எல்லாத்தையும் குப்பையில போட்டிட்டன். தாய்க்குச் சீனி வருத்தம் இருக்கெண்டு தெரிஞ்சால் பிள்ளையை எடுப்பினமோ?"

ஐயோ! உயிர் காக்கிற மருந்தைக் குப்பையிலா? எந்த ஊர் நியாயம் இது?

"உமக்கென்ன விசரே?" அக்கா குழாயை மூடினார். "உயிர் போயிடும். இப்பவே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்."

"ஏலாது அக்கா. அவவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அக்கா ஈரக்கையைத் துவாயில் துடைத்துவிட்டு விறுவிறுவென்று முன்னறைக்குப் போனார். பின்னால் ஓடினேன். சம்பந்தியம்மா ரோல்ஸ் பலகாரத் தட்டின் முன் இருந்தார். அக்கா அவர் பக்கத்தில் அமர்ந்து, கைப்பையிலிருந்து இன்சுலின் பேனையை எடுத்து, சட்டையை உயர்த்தி, தன் வயிற்றில் குத்தினார். நான்கு வருடமாக அவரோடு அலைகிறேன். அவருக்கும் அந்த நோய் என்று எனக்குத் தெரியாது!

"எனக்குக் கனகாலமாச் சீனி வருத்தம்" என்றார் சம்பந்தியம்மாவிடம். "மூண்டு பெட்டைப் பிள்ளையளையும் கட்டிக் குடுத்திட்டன்."

சம்பந்தியம்மா கையிலிருந்த ரோல்ஸைத் தட்டில் திரும்ப வைத்தார்.

குசினி வாசலில் நகுலேஸ்வரி வந்து நின்றார். கோட்டைப் போட்டிருந்தார், பொத்தான்களைப் பூட்டவில்லை. "எனக்கும் அந்த வருத்தம்தான்" என்றார், சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்து. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறன்."

ஊசி போட்டால் சாப்பிட வேண்டுமே! அக்கா ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு எழுந்து போய், அந்தக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார்.