பிளேடு ஒடிந்த இடம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். திருவொற்றியூர் தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தபோதும் அப்படித்தான், ஓய்வு பெற்று ராயபுரம் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸ்க்ரோல் சா மிஷின் வாங்கிப் போட்ட பிறகும் அப்படித்தான். நூல் போன்ற பிளேடு ஒன்று மேலும் கீழும் ஓடும். பலகையை அதன் முன்னால் திருப்பித் திருப்பி எழுத்து வெட்டலாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பெயர்ப் பலகை வெட்டிக் கொடுத்துப் பொழுதைப் போக்குகிறேன்.

போன மாசம் காசிமேட்டிலிருந்து என் பள்ளிக்கூடத்து தோஸ்து ஒரு பலகையோடு வந்தான். அவன் அப்பாவின் மரப்படகை உடைத்தபோது எடுத்து வைத்தது. அந்த வெள்ளிக்கிழமை புது ஃபைபர் படகைத் தண்ணீரில் இறக்குவதாக இருந்தான். அதன் முகப்பில் பதிக்க, இந்தப் பலகையில் 'தாய் துணை' என்று வெட்ட வேண்டுமாம்.

"வேற பலகை கெடையாது. இது கெட்டுப்பூட்ச்சினா நைனாவோடதுனு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. பெயின்ட்ட மட்டும் சொரண்டாத, அவரு கையால அடிச்சது" என்றான்.

பலகையின் நீலப் பெயின்ட்டை விரலால் தடவிப் பார்த்தேன். பரீட்சைக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, அந்தப் படகில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் சாயங்காலம் முழுக்கச் சுண்டல் தின்போம். என் அப்பா ரயில்வேகாரர். கடல் பக்கம் போனது தெரிந்தால் உதைப்பார். போகாமல் இருக்க முடியாது. அப்படி ஒரு சந்தோஷம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை.

மற்ற எழுத்துகள் ஒழுங்காக வந்தன. 'ணை'யில்தான் வினை. உள் வளைவில் ஓட்டை போட்டு, பிளேடை நுழைத்து, திரும்புகிற இடத்துக்கு வந்ததும் டப்பென்று ஒடிந்தது. தளர்வாகக் கட்டிவிட்டேனோ என்று அடுத்ததை முறுக்கி, சுண்டிப் பார்த்து மாட்டினேன். அதே இடத்தில் ஒடிந்தது. ஃபிட்டர் கைக்குத் தள்ளித்தான் பழக்கம். இந்த மிஷினில் வளைவு வந்தால் தள்ளக் கூடாது, பிளேடு நிற்கிற இடத்திலேயே நிற்க, பலகை மட்டும் சுழல வேண்டும். வேகத்தையும் குறைத்துப் பூப்போலத் திருப்பினேன். மூன்றாவதும் போயிற்று. கோடும் ஒரு நெல் அளவு விலகிவிட்டது.

"இன்னா கட்டடா எத்துகினு வந்துக்கீற? உப்புல ஊறி கல்லா கீது" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

"கட்டை நல்லாத்தான் கீது. நீ பேஜாராவாத மாமு."

ஒடிந்த துண்டைத் தடவிப் பார்த்தேன். பற்கள் மழுங்கியிருந்தன. மரம் அப்படிச் செய்யாது. முப்பது வருஷம் இரும்போடு குப்பை கொட்டியவனுக்கு இது மூன்றாவது பிளேடில்தான் உறைத்தது. காந்தத்தை எடுத்து வைத்தேன், ஒட்டிக்கொண்டது. கத்தி முனையால் துளி பெயின்ட்டை நெம்பினேன். தலை வெட்டிய, துருப்பிடித்த ஆணி.

படகுக்காரன் எவனும் வெறும் இரும்பு ஆணியை அடிக்க மாட்டான், உப்புத் தண்ணீரில் துரு ஏறி மரத்தைத் தின்றுவிடும். அதை அடித்தது நான். ஒன்பதாம் வகுப்பில், புத்தகப் பை நனையாமல் மாட்டிவைக்க. மறுநாள் அவன் அப்பா ஆணியைப் பார்த்துவிட்டு, கரையில் அத்தனை பேர் முன்னால் அவனைத்தான் அறைந்தார். அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கத்தில் அதற்கப்புறம் அந்தப் படகில் கால் வைக்கவும் இல்லை.

"இது நான் அடிச்சது. அன்னிக்கே சொல்லிருக்கணும்" என்றேன். "புடுங்கிரட்டுமா?"

"வாணாம். பலகை பொளந்துக்கும். சுத்தி வெட்டு."

ஆணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினேன். எழுத்து அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஆனால் பலகை பிழைத்தது. அவன் அதை மடியில் வைத்துத் தூளை ஊதினான்.

"நைனாவுக்கு அப்பவே தெரியும்" என்றான். "அடுத்தவூட்டுப் புள்ள மேல கைய வைக்கக் கூடாதுன்னுதான் என்ன அடிச்சாரு."

"அப்புறம் ஏன்டா ஆணியப் புடுங்கல?"

"நாளைக்கு வந்தா பைய எங்க மாட்டுவான்னு வுட்டுவச்சாரு. ரெண்டு வருசம் கழிச்சித்தான் தலைய வெட்டி பெயின்ட் அடிச்சாரு. நீதான் வரவே இல்ல."