வராத பெயருக்குக் காத்திருந்த சோதனை

திரையில் அந்தக் கேள்வி வந்ததும் எங்களோடு வேலை பார்த்த அக்காவின் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றுபோனது. நீங்கள் நிறுத்தச் சொல்லும் பகுதியின் பெயரைக் காணவில்லை, வரும்வரை காத்திருக்கட்டுமா என்று கேட்டது டீபக்கர். ஓடுகிற கணினி நிரலை நாம் சொன்ன இடத்தில் நிறுத்தி, அந்த நேரத்தில் உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று காட்டும் மென்பொருள் அது. நிறுத்த வேண்டிய பகுதி சில சமயம் நிரல் ஓடத் தொடங்கிய பிறகுதான் வந்து சேரும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் காத்திருந்து, வந்ததும் பிடித்துக்கொள்ளும். வராமலே போனால் அதைப் பற்றி மூச்சுவிடாது.

தருமபுரியில் ஒரு மாடி அறையில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனிக்கு அந்த டீபக்கரைச் சோதிப்பதுதான் வேலை. சோதனைகள் தாமாகவே ஓடும். பதில் சொல்ல ஆளில்லாமல் அவை இந்தக் கேள்வியில் முடங்கிக் கிடந்ததால், எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும்படி மேனேஜர் ஏற்பாடு செய்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த எங்களுக்கும் அந்தப் பழக்கம் முன்பே இருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தினமும் திரை முழுக்கப் பச்சை, எல்லாச் சோதனையும் தேறியது என்று.

அக்கா எங்கள் சீனியர். இண்டூரிலிருந்து பஸ்ஸில் வருவார், எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். ஒரு சோதனையை அவர் கையால் ஓட்டியபோதுதான் அந்தக் கேள்வி எட்டிப் பார்த்தது. நிறுத்த வேண்டிய பகுதியின் பெயரை யாரோ எப்போதோ மாற்றியிருந்தார்கள். சோதனையில் பழைய பெயரே கிடந்தது. இத்தனை நாளும் நிரல் எங்கும் நிற்காமல் ஓடி முடிந்திருக்கிறது. ஒழுங்காக முடிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சோதனையும் பச்சை காட்டியிருக்கிறது.

அக்கா பெயரைத் திருத்தினார். நிரல் நின்றது. டீபக்கர் காட்டிய மதிப்போ தப்பு. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவி செய்கிறவர்கள், சொட்டின் வேகத்தைச் சரிபார்க்க இந்த டீபக்கரைத்தான் நம்பியிருந்தார்கள்.

டீபக்கரின் புதிய பதிப்பு மறுநாள் அவர்களுக்குப் போகவேண்டும். பெயர் கடைசிவரை வராவிட்டால் சோதனை தோற்றது என்று காட்டும்படி அக்கா ஒரு சரிபார்ப்பைச் சேர்த்தார். திரையில் அங்கங்கே சிவப்பு பூத்தது.

"பச்சையா இருந்ததை நீதானேம்மா செவப்பாக்குன" என்றார் மேனேஜர்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "நின்னு பாத்தாத்தானுங்க சார் சோதனை. இது நிக்கவே இல்லீங்களே."

அந்தச் சரிபார்ப்பை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். அக்கா மாட்டேன் என்றார். வேறொருவரை வைத்து எடுத்துவிட்டு, சொன்ன நாளில் பதிப்பை அனுப்பினார்கள். மாதக் கடைசியில் அக்காவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு எங்கள் அறையில் கேள்வி கேட்க ஆளில்லை. எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மேனேஜர் வெளிநாடு போய்விட்டார். இப்போது அந்த நாற்காலியில் நான். உட்கார்ந்ததும் அக்காவின் சரிபார்ப்பைத் திரும்பச் சேர்த்து, சிவப்பானதையெல்லாம் கருவிக்காரர்களுக்கு எழுதி அனுப்பினேன். நேற்று அங்கிருந்து ஒருவர் பேசினார். எப்போதிலிருந்து தப்பு என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

"அப்ப அங்க யாருமே பாக்கலீங்களா?"

"ஒருத்தங்க பாத்தாங்க. அவங்கள வேலைய விட்டு அனுப்பிட்டாங்க."

"அவங்க நம்பர் குடுங்க. நோயாளி கேஸ் ஒண்ணு, எங்க வக்கீல் கேக்கறாருங்க."

அக்காவின் நம்பரைத் தேடி எடுத்துக் கொடுத்தேன்.