இரண்டு மொழியில் படித்த சீட்டு

அறுபதுகளின் கடைசியில், ஒரு பொங்கல் நாள் பிற்பகலில், போர்ட் பிளேரில் நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மரக் கிடங்கில் கட்டைகளுக்கு நம்பர் அடிக்கும் வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு வரைதான்.

நான் பேசக் கூச்சப்படுகிற ஆள். கடையில் சாமான் கேட்கக்கூட, கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பேன். அப்படிப்பட்டவன் விழாக்களில் மைக் பிடிக்கிறவன் ஆனது எப்படி என்று எனக்கே சரியாகப் புரிந்ததில்லை. எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் பாய் ஒருவர் இருந்தார். கீழக்கரைப் பக்கத்துக்காரர், என் வயதுதான். ஒரு கல்யாணத்தில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, வயர் சுற்ற உதவிக்கு நின்ற என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார். நான் யாரையும் பார்க்காமல், காகிதத்தை மட்டும் பார்த்துப் படித்தேன். குரல் நடுங்கவே இல்லை. மேடையை விட்டு இறங்கியதும் மறுபடியும் ஊமை.

"உம்ம மூஞ்சியப் பாத்தா பேசுற ஆளுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். உள்ளுக்குள்ள யாரு ஓய் ஒளிஞ்சிருக்கா?" என்று பாய் சிரித்தார்.

அதற்குப் பிறகு மைக் செட் போகிற இடமெல்லாம் நானும் போனேன். எனக்கென்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. கைக்கு வரும் சீட்டை அப்படியே தமிழில் படிப்பேன்; மூச்சு விடாமல் அதையே ஹிந்தியிலும் சொல்வேன். வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லாரும் கலந்து வரும் ஊர். ஹிந்தியில் சொன்னால்தான் எல்லாருக்கும் போய்ச் சேரும். காணாமல் போன பிள்ளை, விட்டுப்போன குடை, எதுவானாலும் என் வாய் தானாக இரண்டு முறை ஓடும். நாள் போகப் போக, "மைக் ஆள்" என்று என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். கிடங்கு வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன என்றுகூட ஆசை வந்தது.

அன்று தமிழர்கள் சேர்ந்து நடத்திய பொங்கல் விளையாட்டு விழா. பெண்களுக்கு நாற்காலிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. பாய் இசைத்தட்டை ஓட விடுவார். நான் கை காட்டினால் நிறுத்துவார். பாட்டு நின்றதும் பெண்கள் நாற்காலியில் உட்கார வேண்டும். கடைசியில் இரண்டு பெண்களும் ஒரு நாற்காலியும்தான் மிச்சம். அவர்களில் ஒருவர் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் குடியிருந்த அக்கா. அரசாங்க டிரைவரின் மனைவி. சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் வேர்க்க வேர்க்க ஓடி வந்து என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். "உடனே, உடனே" என்றார். நான் பாய்க்குக் கை காட்டினேன். பாட்டு நின்றது. அக்கா பாய்ந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஜெயித்துவிட்டேன் என்று இரண்டு கையையும் தூக்கினார். நான் பரிசு அறிவிக்கிற அதே உற்சாகக் குரலில் சீட்டைப் படித்தேன். அவர் கணவரின் பெயரைச் சொல்லி, "அவர்களின் மனைவி உடனே மேடைக்கு வரவும். ஊரில் உங்கள் தாயார் நேற்றுக் காலமாகிவிட்டார் என்று தந்தி வந்திருக்கிறது" என்று முடித்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. வாய் நிற்கவில்லை. ஹிந்தியிலும் முழுவதையும் சொல்லி முடித்தேன். முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்பதே எனக்கு உறைத்தது.

அக்காவின் கைகள் தூக்கியபடியே நின்றன. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அந்த நாற்காலியிலேயே மடங்கிவிட்டார்.

"அறிவிருக்காய்யா உனக்கு? அந்த அக்காவக் கூப்பிடத்தானே குடுத்தேன்! உனக்கு வெவரம் தெரியட்டும்னு எழுதுனத ஊருக்கே படிச்சிட்டியே!" என்று சீட்டுக் கொண்டுவந்தவர் என் சட்டையைப் பிடித்தார். அவர் சொன்னது நியாயம்.

அக்காவின் கணவர் ஓடி வந்தார். மறுநாள் காலையில் மெட்ராஸுக்குக் கப்பல். அதில் இடம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அடுத்த கப்பலுக்கு இருபது நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிடும். "முகத்தத்தான் பாக்க முடியல, காரியத்துக்காவது போக வேணாமா?" என்று அக்கா அழுத அழுகையை என்னால் கேட்க முடியவில்லை.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். தெலுங்குக்காரர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. "மேரா டிக்கட் தீதி கோ தே தோ" என்றார். என் டிக்கெட்டை அக்காவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போக, மறுநாள் கப்பலில் பங்க் டிக்கெட், அதாவது கீழ்த்தட்டில் ஒரு படுக்கை இடம், எடுத்து வைத்திருந்தவர் அவர். "அவங்களுக்கு அம்மா போயிட்டாங்க. எங்கம்மா இன்னும் இருக்காங்க, நான் அப்புறம் போறேன்" என்று ஹிந்தியில் சொன்னார். கப்பல் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவரும் அங்கேயே இருந்தார். "காலையில சீக்கிரமா வாங்க, பேர மாத்த நானே கூட நிக்கிறேன்" என்றார்.

மறுநாள் கப்பல் துறையில் யாருக்கும் தெரியாமல் தூரத்தில் நின்று பார்த்தேன். அக்கா கப்பலில் ஏறினார். கொத்தனார் சொந்தத் தங்கையை அனுப்புகிற மாதிரி கை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அதன் பிறகு நான் மைக்கைத் தொடவில்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் என்னை இனிமேல் கூப்பிடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். பாயோ, "நீர் ஹிந்தியில சொல்லலேன்னா அந்தக் கொத்தனாருக்கு என்னா தெரியும்? அவ எப்புடிக் கப்பலேறியிருப்பா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது.

இரண்டு மாதம் கழித்து, மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்ததும் ஒரு கடைக்குள் நுழைந்துகொண்டேன். அவர் வாசலிலேயே வந்து நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, வளையல் வாங்குறீங்களா?"

அப்போதுதான் பார்த்தேன், அது வளையல் கடை.

"அக்கா, என் மேல கோவம்..."

"இருக்கு. ஏன் இல்லாம? அந்தக் கொரல் இன்னும் காதுலயே நிக்குது. செத்தாலும் மறக்காது." காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார். "காரியத்துக்குப் போய்ட்டேன். கூடப் பொறந்தவங்களே நான் வருவேன்னு நெனைக்கல. அடுத்த மாசம் பொண்ணுக்குக் காது குத்துறோம். நீங்கதான் வந்து மைக்ல பேசணும்."

"நானா?"

"வேற யாரு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனேன், பேசினேன். அதிலிருந்து மறுபடியும் கூப்பிட ஆரம்பித்தார்கள். கிடங்கு வேலையையும் விட்டுவிட்டேன். பத்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. கோபமும் இருக்கிறது என்று சொல்லி, என்னைத்தான் பேசவும் வேண்டும் என்று அவர் ஏன் கேட்டார் என்பதை நான் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் இன்றும் இல்லை. இப்போதெல்லாம் எந்தச் சீட்டு வந்தாலும் மனதுக்குள் ஒரு முறை படித்துப் பார்க்காமல் வாய் திறப்பதில்லை. ஆனால் அன்றும் அப்படிப் படித்திருந்தால் அந்த அக்கா கப்பல் ஏறியிருப்பாரா என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.