இடப்பக்கத் திருப்பம்

செவரின் குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பாடம் எடுப்பதும் கோடையில் புல் அறுப்பதும் ஒரே சரிவில்தான். லாரென்பாக் ஊருக்கு மேலே இருக்கும் அந்தச் சரிவு அவன் அப்பா விட்டுப் போனது. டிசம்பரில் பனி மூடிவிட்டால் அது விருந்தாளிகளுடையது. மே மாதம் பனி கரைந்தால் அவனுடையதும் அவனுடைய ஆறு பசுக்களுடையதும். உருகிய பனிக்கு அடியில் என்னவெல்லாம் கிடக்கும் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். மூக்குக் கண்ணாடி, கொண்டை ஊசி, ஒரு முறை யாரோ ஒரு புண்ணியவானின் பல்செட். பல்செட்டைச் சுற்றுலா அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு பச்சைக் கம்பளிக் கையுறையை மட்டும் கொடுக்கவில்லை. வைக்கோல் கொட்டகையின் உத்தரத்தில் ஆணியடித்து மாட்டி வைத்தான். ஏன் என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஐம்பத்து மூன்று வயதாகியும் செவரின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

கையுறை கேசாவுடையது. வட கடலோரத்தில், மேடு என்றால் அணைக்கரை ஒன்றுதான் என்றிருக்கும் ஊரில் அவள் கணக்கு டீச்சர். பன்னிரண்டு வருடமாக, பிப்ரவரி இரண்டாம் வாரம், சனிக்கிழமை மதியப் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அடுத்த சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள். இடையில் ஆறு நாள். செவரினுக்கு வருடம் என்பதே அந்த ஆறு நாள்தான். மீதி நாட்களெல்லாம் சும்மா வந்து போகிறவை.

எங்கள் ஊர்ச் சறுக்குப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சடங்கு உண்டு. வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராகச் சின்னச் சரிவில் நாலு திருப்பம் போட்டு இறங்கி வர வேண்டும். கீழே பள்ளித் தலைவர் ஓட்மர் கையில் காகிதத்தோடு நின்று, ஒரே பார்வையில் “ஒண்ணு”, “ரெண்டு”, “மூணு”, “நாலு” என்று கத்துவார். ஒன்றாம் குழு மலையைக் கரைத்துக் குடித்தவர்கள். நாலாம் குழு அன்றைக்குத்தான் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையைக் கண்ணால் பார்த்தவர்கள். மூன்றாம் குழு செவரினுடையது. அதில் இருப்பவர்களுக்கு நிற்கத் தெரியும், விழ நன்றாகவே தெரியும், திரும்பத்தான் தெரியாது. ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, தேய்த்துத் தேய்த்து இறங்குவார்கள். அதற்குக் கலப்பை என்று பெயர். கலப்பையை விட்டுவிட்டு, இரண்டு ஸ்கீயையும் அருகருகே வைத்தபடி இரண்டு பக்கமும் திரும்பக் கற்றவர்கள் இரண்டாம் குழுவுக்குப் போகலாம். முதல் வருடம் கேசா கலப்பை போட்டுக்கொண்டு வந்தாள். ஓட்மர் “மூணு” என்றார். அவ்வளவுதான், செவரினின் தலையெழுத்து அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே “நீங்க” கிடையாது, மந்திரியானாலும் “நீ”தான். சரிவின் அடியில் அதற்கென்றே ஒரு கம்பம் நட்டிருக்கிறோம். கம்பத்துக்குக் கீழே, ஊருக்குள் வந்தால் மரியாதை திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

“உடம்பு மலைப்பக்கம் சாயச் சொல்லும், கேக்காத,” என்றான் செவரின் முதல் நாளே. “பள்ளத்தப் பாத்துச் சாய். மலைப்பக்கம் சாஞ்சவன்தான் விழுவான்.”

“பள்ளத்தப் பாத்துச் சாஞ்சா பள்ளத்துலதான விழணும்? கணக்கு உதைக்குதே,” என்றாள் கேசா.

“கணக்கெல்லாம் கம்பத்துக்குக் கீழ. இங்க நான் சொல்றதக் கேளு.”

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரிக்கிற பெண் அல்ல, கண்ணோரம் மட்டும் சுருங்கும். நாற்காலி லிஃப்டில் மேலே போக எட்டு நிமிடம் ஆகும். இருவர் மட்டுமே உட்காரலாம். மூன்றாம் குழுவில் எட்டுப் பேர் இருந்தும் எப்படியோ செவரினுக்குப் பக்கத்து இடம் கேசாவுக்கே வாய்த்தது. இரண்டாவது வருடம் அந்த எட்டு நிமிடத்தில்தான் தன் கல்யாணம் முறிந்த கதையைச் சொன்னாள். மூன்றாவது வருடம் அவன் தன் பசுக்களின் பெயரைச் சொன்னான். அடுத்த நாள் அவள் ஆறு பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பித்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என்ன இருந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

தப்பு நடந்தது நாலாவது வருடம். வலப்பக்கத் திருப்பம் அவளுக்கு அழகாக வந்துவிட்டது. இடப்பக்கம்தான் பயம், அந்தப் பக்கம் மட்டும் கலப்பை போட்டுவிடுவாள். புதன்கிழமை காலை, வெயில் நன்றாக ஏறியிருந்த நேரம், இடப்பக்கத் திருப்பம் தானாக வந்தது. ஒரே ஒரு முறை, வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி. அவளுக்கே தெரியவில்லை, செவரினுக்குத் தெரிந்தது. எந்த வாத்தியாராயிருந்தாலும் அந்த இடத்தில் “அதேதான்! இன்னொரு தடவ!” என்று கத்தியிருப்பான். செவரினுக்கும் அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் அடுத்த வருடம் ஓட்மர் “ரெண்டு” என்று கத்துவதும், அவள் வேறொருவன் பின்னால் போவதும் கண்முன்னே வந்து நின்றன.

“இல்ல, இடுப்பு பூட்டிக்குது,” என்றான். “இடப்பக்கம் கலப்பையே போடு. நிதானமா வரட்டும்.”

அன்றிலிருந்து வருடா வருடம், வெள்ளிக்கிழமை விருந்தாளிப் பந்தயம் முடிந்து பதக்கம் மாட்டும்போது அவன் அதையே சொல்வான். “இடப்பக்கம் இன்னும் வரல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” அவளும் “அடுத்த வருஷம்” என்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். எட்டு வருடம் மறைத்தான்.

வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் சிவப்புக் கோட்டுப் போட்ட வாத்தியார்களுக்கு ஒரு பெயர் உண்டு, வாரத்துக்கு ஒருத்தி என்று. இருபது வயதில் செவரினும் அந்தப் பெயரைக் கொஞ்சம் சம்பாதித்தவன்தான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கேசாவிடம் சொன்னால் அதுவும் அந்தக் கணக்கில் போய்ச் சேருமே என்று கூசினான். ஓட்மர் வேறு, பஸ் வந்து நின்றதும் ஆரம்பித்துவிடுவார்.

“டேய் செவரின், உன் கலப்பை வந்துடுச்சு. ஏர் பூட்டலயா?”

“உங்க வேலையப் பாருங்கண்ணே.”

பன்னிரண்டாவது வருடம், அவள் வந்து இறங்கிய சனிக்கிழமை மாலையே, முப்பது வருடம் மலையில் விழாத மனிதன் மாட்டுக் கொட்டகையில் சாணி வழுக்கி விழுந்தான். முழங்கால் வீங்கியது. ஒரு வாரம் ஸ்கீயைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். மூன்றாம் குழுவை ஓட்மர் இனேஸிடம் கொடுத்தார். இனேஸ் செவரினின் தம்பி மகள், இருபத்தாறு வயது, வேலையில் சூரப்புலி, மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள்.

புதன்கிழமை மத்தியானம் செவரின் தாங்குகட்டையோடு சரிவின் அடியிலுள்ள சூப்புக் கடை பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். கடையும் கம்பத்துக்கு மேலேதான் இருக்கிறது. மேலேயிருந்து ஒரு பெண் வந்தாள். வலப்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம். கலப்பை இல்லை, பயம் இல்லை, உடம்பு பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. யாரப்பா இது, நம் ஊர்ப் பெண்ணா என்று பார்த்தான். அப்புறம்தான் பழைய சாம்பல் நிறக் குல்லாய் கண்ணில் பட்டது. முதலில் வந்தது சந்தோஷம்தான், வாத்தியார் புத்தி. அடுத்த நொடி எட்டு வருடப் பொய் நினைவுக்கு வந்தது.

“பெரியப்பா! பாத்தியா?” என்று கத்திக்கொண்டே இனேஸ் பின்னால் வந்து நின்றாள். “திங்கக்கிழம காலைலயே வந்துடுச்சு! ஒரே காலைல! இடுப்புல ஒரு பூட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எந்த மடையன் சொன்னான் இவ இடுப்பு பூட்டுதுன்னு?”

இனேஸ் பெரியப்பா முகத்தைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள், குழுவைக் கூட்டிக்கொண்டு சூப்பு வாங்க உள்ளே போய்விட்டாள்.

கேசா ஸ்கீயைக் கழற்றிப் பனியில் குத்தி வைத்தாள். “எப்ப தெரியும் உனக்கு?” என்றாள்.

“நாலாவது வருஷம். புதன்கிழமை.”

“கிழமை வேற ஞாபகமிருக்கா. எட்டு வருஷம், செவரின். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் இப்படிப் பண்ணா வீட்டுக்கு அனுப்பிடுவோம்.”

“தெரியும்.”

“ஏன் பண்ண?”

கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். பன்னிரண்டு வருடம் காத்திருந்த இடம் அதுதான், பதில் ஒரு வரிதான். கடைக்குள்ளிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது தெரிந்தது. செவரின் தாங்குகட்டையைப் பார்த்தான். “அது... அவசரப்பட்டா விழுந்துடுவியேன்னு...” என்று இழுத்தான்.

கேசா ஸ்கீயைப் பனியிலிருந்து பிடுங்கினாள். “இடப்பக்கம் திரும்பக் கத்துக்கத்தான் நான் மூணு ரயில் மாறி, பதினாலு மணி நேரம் உக்காந்து வர்றேன்னு நெனச்சியா?” என்றாள். ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பந்தயத்தில் அவளுக்கு மூன்றாம் இடம். ஊர்ச் சத்திரத்தில் பரிசளிப்பு. அவரவர் மாணவர்களுக்கு அவரவர் வாத்தியார்தான் பதக்கம் மாட்ட வேண்டும் என்பது முறை. இனேஸ் மரியாதைக்காகப் பதக்கத்தைப் பெரியப்பா கையில் திணித்துவிட்டாள். செவரின் நொண்டிக்கொண்டே போய் மாட்டினான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தான். எதைப் பார்த்துக்கொள்வது? இடப்பக்கம்தான் வந்துவிட்டதே.

“நன்றி. காலப் பாத்துக்குங்க,” என்றாள் கேசா. கம்பத்துக்குக் கீழே அப்படித்தான் பேசுவது வழக்கம், எப்போதும் அப்படித்தான் பேசுவாள். அன்றைக்கு மட்டும் அந்த மரியாதை சுருக்கென்று குத்தியது. மறுநாள் காலை பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

அந்த வருடம் செவரினுக்கு நகரவே இல்லை. ஜூலையில் புல் இடுப்பளவு நின்றது, மஞ்சளும் நீலமுமாகப் பூ. அவன் அரிவாளோடு சரிவின் நடுவில் நின்று, அவள் விழுந்த இடம், சிரித்த இடம், அந்தப் புதன்கிழமை திரும்பிய இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவளுக்கு இந்த மண் வெள்ளையாக மட்டுமே தெரியும். இதன் பச்சையை, இந்த வாசனையை, பெயர் மட்டுமே கேட்ட அந்த ஆறு பசுக்களை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று ஏங்கினான். முதன்முறையாக, பனி விழாவிட்டால் கூடப் பரவாயில்லை, அவள் வந்தால் போதும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் ஒரு சறுக்கு வாத்தியார் இப்படி நினைப்பது சாமிக்குத்தம்.

ஆகஸ்டில் உத்தரத்திலிருந்து கையுறையை எடுத்தான். உள்ளே கொஞ்சம் புது வைக்கோலை அடைத்தான். “இது ஆறு வருடமாக என்னிடம் இருந்தது. இதையும் நான்தான் மறைத்து வைத்திருந்தேன். செவரின்” என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பள்ளிக்கூட விலாசத்துக்குத் தபாலில் அனுப்பினான். பதில் வரவில்லை. செப்டம்பரில் வரவில்லை, கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. தபால்காரம்மா அவனைப் பார்த்தால் தூரத்திலேயே தலையாட்டிவிடுவாள்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் பஸ் வந்த சனிக்கிழமை அவன் வேண்டுமென்றே கொட்டகைக்குள் போய்ப் புகுந்துகொண்டான். ஞாயிறு காலை சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வரிசையில் போய் நின்றான். விருந்தாளிகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். “நாலு. ரெண்டு. நாலு.” அப்புறம் சாம்பல் நிறக் குல்லாய் ஒன்று இறங்கியது. வலப்பக்கம் அழகாகத் திரும்பியது. இடப்பக்கம் வந்ததும் நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, ஊரே பார்க்கக் கலப்பை போட்டது.

“மூணு!” என்று கத்தினார் ஓட்மர்.

கேசா நேராக வந்து செவரின் முன்னால் நின்றாள். இரண்டு கையிலும் பச்சைக் கையுறை. ஒன்று வெளுத்திருந்தது, மற்றது ஆறு வருடம் வெயில் படாமல் புதுசாக இருந்தது.

சும்மா இருந்திருந்தால் இன்னும் ஒரு வருடம், அதற்குப் பிறகு இன்னும் ஒரு வருடம். அவளே அவனுடைய பொய்யைத் திருப்பி அவன் கையில் கொடுக்கிறாள், வாங்கிக்கொண்டால் போதும். ஆனாலும் செவரின் வாயைத் திறந்தான்.

“அண்ணே, மூணு இல்ல. ரெண்டாம் குழு. அவ வேணும்னே பண்றா. அவளுக்கு இடப்பக்கம் ஒன்பது வருஷமா வரும். நான்தான் வரலன்னு பொய் சொன்னேன்.”

கூடிநின்ற நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்மர் காகிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “ஏண்டா?” என்றார்.

“வேற குழுவுக்குப் போயிடுவாளேன்னு.”

இனேஸ் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும். செவரின் யாரையும் பார்க்கவில்லை.

“கேசா,” என்றான். “ஜூலைல வா.”

“ஜூலைல பனி ஏது? என்ன சொல்லிக் குடுப்ப எனக்கு?”

“ஒண்ணும் இல்ல. சொல்லிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. சும்மா வா.”

அவள் கண்ணோரம் சுருங்கியது. ஸ்கீயை இரண்டாம் குழு நின்ற பக்கம் திருப்பினாள், இரண்டடி போய் நின்றாள்.

“அப்படின்னா வர்றேன்,” என்றாள்.