ஒரு நூல்கூட ஏறவில்லை

அளவெடுக்கும்போது டெய்லரக்கா எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள் என்று, என் இடுப்பைச் சுற்றி நாடாவை ஓட்டிவிட்டுத் தாளில் மட்டும் குறித்துக்கொள்வார். பருத்த உடம்போடு போகிற என்போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார்.

பல்லிடுக்கில் எப்போதும் இரண்டு குண்டூசி. அவற்றோடேயே பேசுவார், சிரிப்பார். தும்மல் வந்தால்தான் எடுத்துத் தோள்துணியில் குத்திக்கொள்வார்.

ஐந்து மாதத்துக்கு முன் அக்காவுக்கு வலது மார்பில் ஒரு கட்டி. துணைக்கு நான் போனேன்.

"ஆரம்பத்துலயே வந்துட்டீங்க, கத்தி வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஊசி மாதிரி ஒண்ணை உள்ளே விட்டுக் கட்டியை உறைய வெச்சுடலாம். அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். வளர்ந்துட்டா முடியாது, தள்ளிப்போடாதீங்க."

வெளியே வந்ததும் அக்கா சிரித்தார். "ஊசிக்கா பயப்படப்போறேன்? பொழப்பே அதுதானே."

ஆனால் நூற்றைம்பது பள்ளிச் சீருடைகள் வெட்டிக் கிடந்தன. "புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் தொறக்கட்டும். அளவு என் கையிலதானே இருக்கு."

ஞாயிறுதோறும் கதவைச் சாத்திக்கொண்டு கட்டியின்மேல் நாடாவை வைத்து அளப்பார். "ஒரு நூல்கூட ஏறல தங்கச்சி" என்பார். முப்பது வருடம் பிசகாத கை. நான் நம்பினேன். வாராவாரம் கடவுளுக்கு நன்றி சொன்னேன். நாலு மாதம் சொன்ன நன்றியை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தபின் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். "உள்பக்கமா வளர்ந்திருக்கும்மா. அக்குள்லயும் இறங்கியிருக்கு. இனி உறைய வெக்கிறது ஆகாது. மார்பை எடுத்துத்தான் ஆகணும்."

"மேல அளவு அப்படியேதானே இருந்துச்சு?" சின்னப் பிள்ளைபோலக் கேட்டார் அக்கா.

டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். அக்கா பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கி, "இது தைக்கிற கைம்மா" என்றார். டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார். "அக்குள்லயும் எடுக்கறதால கை வீங்கலாம்" என்றார்.

நேற்று வார்டில் சேர்த்துவிட்டுக் கிளம்பினேன். 'ஆண்டவன் கைவிடமாட்டார்' என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அக்கா வாசல்வரை வந்து, கடைச்சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"வெட்டி வெச்ச துணி நாலு கெடக்கு. உடையவங்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுத்துடு தங்கச்சி. வேற யார்கிட்டயாவது தெச்சுக்கட்டும்."