ஆயாக் கொட்டகையின் பன்னிரண்டு மெத்தைகள்

பிள்ளைக் காப்பகம் நடத்துபவருக்குத் தாலாட்டு தெரியாவிட்டால் குற்றமில்லை. ஈர மெத்தையைக் காயவைக்கத் தெரியாவிட்டால் அவர் ஒரு வாரம் தாங்கமாட்டார். எழுபதுகளின் நடுவிலிருந்து பதினான்கு ஆண்டுகள், மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆயாக் கொட்டகைக்கு நான் பொறுப்பாக இருந்தேன்; தோட்டத்தில் எல்லாருக்கும் நான் டீச்சர். பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றிருக்கும் வேளையில் அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. காலையில் பிள்ளையின் படுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு அதை வெயிலுக்குத் தூக்கிச் சென்ற அனுபவம் உங்களுக்கு உண்டென்றால், நாம் ஒரே இனம். மேலே படியுங்கள்.

எழுத்தில் கொடுத்த உறுதி

நான் பொறுப்பேற்றபோது பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்துப் படுத்தார்கள். எங்கள் மலையில் நண்பகலிலும் சிமெண்டு சில்லிட்டுக் கிடக்கும். மழை மாதங்களில் இருமல் இல்லாத பிள்ளை ஒன்றுகூட இராது. நான் மூன்று கடிதங்கள் எழுதிய பிறகு, புதிதாக வந்திருந்த துரை பன்னிரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை அனுப்பிவைத்தார். அவர் தமிழர்தான், ஆனால் தோட்ட மேலாளர் எவராயினும் எங்களுக்குத் துரைதான்.

அவர் ஒரு நிபந்தனையும் விதித்தார். ஆண்டு முடிவில் தாமே வந்து பார்ப்பார். மெத்தைகள் பாழாகியிருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளைகளுக்குப் பழையபடி சாக்கு. ஒரு மெத்தையும் பாழாகாது என்று பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை வாங்கிய அலுவலக எழுத்தரான கிராணி அதை இருமுறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சரம்மா, நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. பிள்ளைங்க யாரும் கையெழுத்துப் போடலையே.”

நண்பகல் தேத்தண்ணீர்

மூன்றாம் நாளே ஐந்து மெத்தைகள் நனைந்தன. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இது ஒரு பொருட்டன்று. காலையில் வெயிலில் போட்டால் மாலையில் எடுத்துவிடலாம். எங்கள் மலையில் வேலிமேல் போட்ட மெத்தை மூடுபனியைக் குடித்துவிட்டு, போட்டபோது இருந்ததைவிடக் கனமாகத் திரும்பி வரும்.

காரணத்தை ஆராய்ந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவரான ஆயா அஞ்சலை, சோறு ஊட்டியவுடன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குவளை தேத்தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்த கையோடு படுக்கவைத்துக்கொண்டிருந்தார். காலையில் தண்ணீர் தாராளமாகக் கொடுக்க வேண்டும், சோற்றுக்குப் பின் தேத்தண்ணீர் கூடாது, படுக்குமுன் அனைவரையும் வரிசையாகக் கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டேன். இரண்டே வாரத்தில் நனையும் மெத்தைகள் பாதியாகக் குறைந்தன. அஞ்சலை அதற்காக மகிழவில்லை.

“தேயிலைத் தோட்டத்துல பொறந்த பிள்ளைக்குத் தேத்தண்ணி கிடையாதா? வெளிய சொல்லாதீங்க டீச்சர், சிரிப்பாங்க லா.”

உரமூட்டையின் உள்ளுறை

எஞ்சிய பாதிக்கு வழி சொன்னவர் ராக்கம்மா. நான்கு வயது வசந்தாவும் எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்றும் அவருடைய பிள்ளைகள்; இருவரும் எங்கள் கொட்டகையில்தான் இருந்தார்கள். உரமூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து மெத்தையின்மேல் விரித்துவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது என்றார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் அதுதான் வழக்கம். அஞ்சலை என்னைக் கேளாமலே நான்கு மெத்தைகளில் உறை விரித்துவிட்டார்.

மறுநாள் வாசலில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ராக்கம்மாவின் கைக்குழந்தை புரண்டு, அந்த மெல்லிய உறையின் ஓரத்தைப் பிடித்திழுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டது. குழந்தை மூச்சை இழுத்தபோது உறை வாயோடு ஒட்டியது. நான் ஓடினேன். நான் ஓடி அந்தத் தோட்டத்தில் எவரும் அதற்குமுன் பார்த்ததில்லை. உறையை எடுத்தவுடன் குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் மற்ற மூன்று உறைகளையும் உருவிச் சுருட்டினேன்.

அன்று மாலையே ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினேன். கையால் கசக்கக்கூடிய மெல்லிய உறை எதுவும், கட்டாமல் விரித்த எதுவும், உரம் பட்ட எதுவும் பிள்ளை படுக்கும் இடத்துக்கு வரக்கூடாது. மற்ற மூன்று மெத்தைகளில் படுத்த பிள்ளைகளின் தொடையில் சிவப்புத் தடிப்பு வேறு கண்டிருந்தது. அவர்களில் வசந்தாவும் ஒருத்தி. நடந்ததைச் சொன்னதும் ராக்கம்மா கைக்குழந்தையை வாங்கி நெடுநேரம் இறக்கிவிடாமல் வைத்திருந்தார். பிறகு வசந்தாவின் தொடையைப் பார்த்தார். அவருடைய வழக்கமான துடுக்குக் குரல் திரும்பிவிட்டது.

“உரம் போட்டா தேயிலை தளதளன்னு வளருது. எம் பிள்ளைக்கு மட்டும் ஏன் டீச்சர் சொறி வருது?”

பதின்மூன்றாவது விரிப்பு

மருத்துவமனைக் கட்டில்களில் போடுகிறார்களே, அந்தத் தடித்த ரப்பர் விரிப்புதான் முறையானது என்று முடிவு செய்து, பேருந்தேறித் தானா ராத்தா நகருக்குச் சென்றேன். அங்கே தமிழ் முஸ்லிம் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். பன்னிரண்டு பேருக்கு வேண்டும் என்றதும், தோட்டத்தில் ஏதோ நோய் பரவிவிட்டதென்று எண்ணி அவர் ஓரடி பின்வாங்கினார்.

நான் விளக்கினேன். மெத்தையை முழுவதும் மூடும் அளவில் ரப்பர் விரிப்பை வெட்ட வேண்டும். நான்கு மூலைகளிலும் நாடா தைத்து மெத்தைக்கு அடியில் இறுகக் கட்ட வேண்டும். எந்த ஓரமும் பிள்ளையின் கைக்கு அகப்படக்கூடாது. ரப்பரின்மேல் பிள்ளையின் தோல் படாதபடி தடித்த பருத்தித் துணி. அதன்மேல் இடுப்பு வரும் இடத்தில் மட்டும் பழைய கைலிச் சாரத்தை நான்காக மடித்துப் போட்டால், நனைந்ததும் அதை மட்டும் உருவிவிடலாம். ஒரு வியாபாரிக்குத் தேவையானதைவிட அதிகக் கவனத்தோடு அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடையிலிருந்த மற்றொருவர் வெளியேறும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“பதிமூணா வெட்டிட்டேம்மா. ஒண்ணு என் வீட்டுக்கு. மூத்தவனுக்கு ஒம்பது வயசாகுது, யாருக்கும் தெரிய வேணாம்.”

வசந்தாவின் வாக்குமூலம்

விரிப்புகள் வந்தபின் மெத்தைகள் பிழைத்தன. சாரங்கள் மட்டும் நாள்தோறும் கொடியில் தொங்கின. அவற்றில் ஒன்று தவறாமல் வசந்தாவுடையது. ஈரத்துணியைத் தலையில் போட்டு அவளை வாசலில் நிறுத்தச் சொன்னார் ராக்கம்மா. அவருடைய தாய் அவருக்கு அப்படித்தான் செய்தாராம். நான் மறுத்துவிட்டேன். தூக்கத்தில் நேர்ந்துவிடுவதற்குத் தண்டனை கொடுக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. ஆனால் விழித்தபின் பொய் சொல்வது வேறு. ஆகவே அவளை எதிரில் நிறுத்தி, இது யார் செய்தது என்று கேட்டேன். அவள் திறந்திருந்த கதவையும், அதன் வழியே அடுப்புப் புகைபோல் நுழைந்துகொண்டிருந்த வெண்மையையும் பார்த்தாள்.

“நான் இல்ல டீச்சர். மூடுபனி உள்ள வந்துச்சு. என் பக்கத்துல படுத்துச்சு. அதுதான்.”

ஒரே ஒரு நாள்

ஆண்டு முடிந்தது. வெள்ளிக்கிழமை துரை வருவதாகச் செய்தி வந்தது. செவ்வாயன்று, விரிப்புகள் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிக் கழுவச் சொன்னேன். நண்பகலுக்குள் அவை காயவில்லை. அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைச் சாக்கில் படுக்கவைக்கலாம் என்றார் அஞ்சலை. பன்னிரண்டு மெத்தைகள் இருக்கையில் சாக்கா? ஒரு நாள்தானே என்று சொல்லிவிட்டேன். பதினோரு பிள்ளைகள் என் மானத்தைக் காத்தார்கள். வசந்தாவின் மெத்தை அடிவரை நனைந்துவிட்டது.

சோப்பு நீரில் ஒற்றி எடுத்தோம். வியாழன் காலைவரை வெயில் எட்டிப்பார்க்கவில்லை. அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. தேயிலை ஆலையின் மேல்மாடியில், கொழுந்தை வாட்டுவதற்காக வெதுவெதுப்பான காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருக்கும். கொழுந்து காயுமென்றால் பஞ்சும் காயும். அஞ்சலையின் கணவருக்கு அங்கேதான் வேலை. மெத்தையைக் கொண்டுபோய் ஒரு மூலையில் சாத்திவைத்தோம். மாலையில் அது அப்பளம்போல் மொரமொரவென்று வந்தது.

தேயிலை அண்டையிலுள்ள வாசனையையெல்லாம் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் ஆலைக்குள் ஒரு வெங்காயத்தைக்கூட விடமாட்டார்கள். தோட்டத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் செய்தி எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை, ஆலையில் தேநீரை உறிஞ்சித் துப்பித் தரம் பார்க்கும் டீமேக்கர், கையில் ஒரு கோப்பையோடு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

“நாப்பது வருசமா ருசி பாக்கிறேன் டீச்சர். இந்த வாசம் எனக்குத் தெரியும். எம் பேரன் மடியில உக்காந்தா வரும்.”

துரையின் பார்வை

இயந்திர எண்ணெய் கசிந்துவிட்டதாகத் துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்றார் அந்த நல்ல மனிதர். வேண்டாம் என்றேன். துரை வருவதற்கு முன்பே அஞ்சலை பழைய சாக்குகளை இறக்கி, தூசு தட்டி, மூலையில் அடுக்கிவைத்துவிட்டார். அதை நான் பார்த்தும் பாராமல் இருந்தேன்.

துரை ஒவ்வொரு மெத்தையிலும் விரிப்பை நீக்கி, உள்ளங்கையால் அழுத்தி, குனிந்து முகர்ந்து பார்த்தார். பதினொன்றும் தேறின. பன்னிரண்டாவதை அவர் தொடுவதற்குமுன் நான் பேசினேன். நனைத்தது பிள்ளை, விரிப்பில்லாமல் படுக்கவைத்தது நான், ஆலைக்கு அனுப்பியதும் நான். எந்தப் பிள்ளை என்று கேட்டார். பிள்ளைகளின் பெயரைத் தருவதாக என் கடிதத்தில் எழுதவில்லை என்றேன். காலையில் அந்தத் தேநீரைத் தாமும் ஒரு வாய் உறிஞ்சியதாகவும், வியாழனன்று வாட்டிய கொழுந்தின் தேயிலை முழுவதையும் கழித்துக் கொட்டிவிட்டதாகவும் சொன்னார். பிறகு பன்னிரண்டாவது மெத்தையை அழுத்திப் பார்த்தார். அது மற்றப் பதினொன்றையும்விட நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் நிமிர்ந்தபோது அஞ்சலையின் கை சாக்கின்மேல் இருந்தது.

“நீங்க தேத்தண்ணியக் கொட்டாய்க்குள்ள விடறதில்லையாம், கேள்விப்பட்டேன். இனிமே நானும் மெத்தைய பேக்டரிக்குள்ள விடமாட்டேன். பன்னெண்டும் இங்கயே இருக்கட்டும் டீச்சர்.”

பதினான்கு ஆண்டுகளில் அந்த மெத்தைகளில் படுத்து நனைத்தவர்கள் அனைவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். துரை குடிக்கும் தேநீர்வரை அந்த வாசத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒருவர்தாம், அவர் சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வில் முதல் தரத்தில் தேறியவர்.